மூடிய சுரங்கமும் ஓயாத சுண்ணாம்பும்

நேயர்களுக்கு வணக்கம். சுரங்கமே இல்லாத சிங்கப்பூரில் சுரங்கத் தண்ணீரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நம் வீட்டு மின்கம்பியில் ஓடும் செம்பு எங்கோ ஒரு மலையைக் குடைந்து எடுத்ததுதானே! ரொம்ப தூரம்கூடப் போக வேண்டாம். மலேசியாவின் சபா மாநிலத்தில் ரானாவ் பக்கம் மாமுட் செப்புச் சுரங்கத்தை 1999இல் மூடினார்கள். தோண்டிய குழி இப்போது ஏரி. அதில் நிற்பது அமிலத் தண்ணீர்.

பாறைக்குள் பைரைட் என்று ஒரு கனிமம், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண்ணுக்குள் கிடக்கும்வரை சாது. காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் சுரக்கத் தொடங்கிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைப் பல மடங்கு முடுக்கிவிடும். அந்த அமிலம் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மருந்து சுண்ணாம்பு. ஆமாம், தேக்காவில் வெற்றிலையில் தடவித் தருகிறார்களே, அதேதான், டன் கணக்கில். குடுவையில் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும். ஆழத்திலிருந்து எடுத்த சுரங்கத் தண்ணீர் பல நேரம் பளிங்குபோல் இருக்கும். சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கினால் அழுக்குப் பச்சையாகும். காற்றை ஊதினால் துருநிறமாகி, செதில் செதிலாக அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீர். சரி, அடியில் கிடக்கும் சேற்றை எங்கே கொட்டுவது? செலவு கூடுவது அங்கேதான்.

சுண்ணாம்புக்கல் இன்னும் மலிவு. ஆனால் திறந்த வாய்க்காலில் போட்டால் கல்மேல் துரு படிந்து, உள்ளே தண்ணீர் படாமலே போய்விடும். அதனால் காற்றுப் புகாதபடி மண்ணுக்கடியில் புதைக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனியில் 2007இலிருந்து நிலக்கரிச் சுரங்க நீரைக் குடிநீராகவே மாற்றினார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நம் புதுநீர் ஆலைகளில் இருக்கும் அதே ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் முறை, அதாவது தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவது. அப்புறம், கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கம். அங்கே தோண்டுவதை நிறுத்தியது 1963இல். சுண்ணாம்பு ஆலை வந்தது 1994இல். அமிலம் இன்னும் சுமார் 3,000 ஆண்டுகள் வடியலாம் என்பது ஒரு மதிப்பீடு. அத்தனை காலம் ஓர் ஆலையை யார் நடத்துவது? எனக்கு அது சிகிச்சையாகவே படவில்லை, தீராத வாடகையாகத்தான் படுகிறது.

அதனால்தான் புதிய சுரங்கங்களில் பைரைட் பாறையை முதலிலேயே பிரித்து, தண்ணீருக்கடியிலோ களிமண்ணுக்கடியிலோ வைத்து மூடப் பார்க்கிறார்கள். காற்றை மறித்துவிட்டால் அமிலம் அநேகமாக உருவாகாது. சுரங்கம் திறக்க அனுமதி கொடுப்பவர்கள் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்பேன். நன்றி, வணக்கம்.