தந்தி இல்லாத காந்தாரம்

அவையோருக்கு வணக்கம். பாட்டுக் கேட்பதில் காதுக்கு எவ்வளவு பங்கு, மனசுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் இன்றைய பேச்சு. தம்புராவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அதில் நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். காந்தாரத்துக்கென்று, அதாவது 'க' ஸ்வரத்துக்கென்று, தந்தி கிடையாது. ஆனாலும் சுருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால் உள்ளே காந்தாரத்தில் ஒரு வகையான அந்தர காந்தாரம் பேசுகிறது என்பார்கள் பாடகர்கள். அது பிரமை இல்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் 'ஸ', சுமார் 65 ஹெர்ட்ஸ்; வினாடிக்கு 65 அதிர்வு. அந்தத் தந்தியை மீட்டினால் அதன் மடங்குகளும் கூடவே கிளம்பும்: 130, 195, 260, 325. அந்த 325-தான் காந்தாரம். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டையின்மேல், தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலைக் கொஞ்சம் நகர்த்தினால் இந்த மேல் ஒலிகள் பளிச்சென்று எழும். சர் சி.வி.ராமன் நூறு வருஷத்துக்கு முன்பே ஆராய்ந்த விஷயம் இது.

பயிற்சி இல்லாதவர் காதிலும் அதே 325 விழத்தான் செய்கிறது. ஆனால் அவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரம். பக்கத்தில் ஒருவர் அந்தக் காந்தாரத்தை மெல்லப் பாடிக் காட்டி, "இதைத் தேடுங்கள்" என்றால் போதும், பல பேருக்குப் பிடிபட்டுவிடும். காது அதேதான். எங்கே கவனிப்பது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று. செல்போனின் குட்டி ஸ்பீக்கரிலிருந்து 65 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய வெளியே வருவதே இல்லை. இருந்தும் மந்தரம் கேட்கிறதே, எப்படி? மேல் மடங்குகளுக்கு நடுவே உள்ள 65 இடைவெளியை வைத்து, மூளை அடியிலுள்ள ஸ்வரத்தைத் தானே போட்டுக்கொள்கிறது.

இப்படி நிரப்பத் தெரிந்த மனசு, நம்மை ஏமாற்றவும் செய்யும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் கேட்க வைத்தார்கள். கண்ணில் பட்டதும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு ஏறின. 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவை அப்படியே ஒரு தடவை, சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு தடவை போட்டு, எது எது என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவாளர்களும் ஆடியோ பிரியர்களும் இருந்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. காசைச் சுண்டிப் போட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

அப்போது பயிற்சியே வீண்தானா? இல்லை. ஆலிவ் பின்னால் செய்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஸ்பீக்கர்களை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வைத்தார்கள். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்தார்கள், மறுபடி கேட்டபோதும் சொன்னதையே சொன்னார்கள்.

பயிற்சியிலும் ரகம் உண்டு. பழைய 78 இசைத்தட்டை ஒரு வித்வானிடம் போட்டுக் காட்டுங்கள். அதிலுள்ள தோடி ராகத்தின் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவைப், பிடித்துக்கொண்டு தலையாட்டுவார். அந்த 'கரகர' அவரை ஒன்றும் செய்யாது. ஒலிப்பதிவாளர் முதலில் அந்தக் கரகரப்பைத்தான் கேட்பார். இரண்டு பேர் காதும் தேர்ந்த காதுதான், போகிற வழிதான் வேறு. என்னைக் கேட்டால், ராகம் தெரிந்த காதுக்குத்தான் ஆனந்தம் அதிகம். அதனால்தான் எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று கேட்கிற இளைஞர்களிடம், முதலில் ஒரு வருஷம் பாட்டு கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்புறமும் வாங்கத் தோன்றினால், கடையிலேயே கண்ணை மூடிச் சோதியுங்கள். ஒப்பிடும் இரண்டு ஹெட்ஃபோனுக்கும் சத்த அளவு துல்லியமாக ஒன்றாக இருக்கட்டும். துளி கூடினாலும் அதுவே நல்லதாகப் படும். மாற்றி மாற்றிப் போடுகிறவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். பத்து முறையாவது கேளுங்கள். ஒவ்வொரு முறையும் விடையை எழுதி வையுங்கள். எது எது என்று கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.