கையை ஆட்டுங்க அத்தை

நடுவர் அவர்களே, மயிலாடுதுறை மக்களே, வணக்கம். கொடுத்திருப்பது எட்டு நிமிஷம், மேடையில் இருக்கிற எல்லாருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தால் நாலு போய்விடும், அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று.

தலைப்பு, கடலோரத்துப் பூர்வீக வீட்டைப் புதுப்பித்ததில் கிடைத்தது அதிகமா, தொலைந்தது அதிகமா. நான் தொலைந்தது அணி. உள்ளதைச் சொன்னால், கிடைத்தது அணியில் இடம் இருந்திருந்தால் அங்கேயும் பேசியிருப்பேன், எங்கள் வீட்டு ஏசியில் நானும் தூங்கியவன்தான். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரு போடு போட்டார்களே! "பழைய வீடு, பழைய வீடு என்று உருகுகிறாரே, ராத்திரி 2 மணிக்கு வயிறு கலக்கினால் சொம்பைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு ஓடுவாரா?" நீங்கள் கை தட்டினீர்கள். நடுவரும் சிரித்தார், பார்த்தேன். சரி, அக்கா கூப்பிட்ட இடத்துக்கே வருகிறேன். கக்கூஸுக்கே வருகிறேன்.

எங்கள் வீடு தரங்கம்பாடியில், அலைச்சத்தம் கேட்கிற தூரம். திண்ணை, முற்றம், நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் அதைப் புதுப்பித்தார். திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது, முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டாயிற்று. இந்தப் பொங்கலுக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோம். அந்த வீட்டில் பிறந்து, அங்கிருந்தே வாக்கப்பட்டுப் போனவர், வயது 78. வாசலில் இறங்கியதும் கேட்டார், "பேங்குக்கு ஏன்டா கூட்டிட்டு வந்தே?"

சாயங்காலம் அத்தை பாத்ரூம் போனார். அது அண்ணனுடைய பெருமை. ஆள் உள்ளே போனால் லைட் தானாக எரியும், ஆள் அசைவு இல்லையென்றால் தானாக அணையும். கரண்ட் மிச்சமாம். அத்தை என்ன உள்ளே போய்க் கும்மியா அடிப்பார்? சிவனே என்று உட்கார்ந்தார். லைட் அணைந்துவிட்டது. "டேய், கரண்ட் போயிடுச்சு!" என்று உள்ளேயிருந்து சத்தம். அண்ணன் கதவுக்கு வெளியே நின்று, "போகலை அத்தை, கையை ஆட்டுங்க" என்கிறார். ஆட்டினார், எரிந்தது. நிறுத்தினார், அணைந்தது. "எவ்வளவு நேரம்டா ஆட்டுறது?" "வேலை முடியிற வரைக்கும் அத்தை." கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், 78 வயது மனுஷி, இருட்டில், ஊர்வலத்தில் போகிற மந்திரி மாதிரி யாருமில்லாத பாத்ரூமில் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! வெளியே நாங்கள் ஏழு பேர். "இடது கையை ஆட்டுங்க, வலது வலிச்சா மாத்திக்கோங்க" என்று ஆளுக்கொரு யோசனை. அண்ணன் பையன் மட்டும், "தலையை ஆட்டினாலும் போதும் பாட்டி" என்றான். அத்தை சொன்னார், "இந்த வீட்டைக் கட்டுனதுக்கு உங்கப்பன் பேச்சுக்குத் தலையை ஆட்டுனதே போதும்டா!"

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இதை அத்தையே சொன்னார். அதில் அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது, ஏழு பேர் தெருவே ஆகிவிட்டார்கள், கடைசியில் தோள்பட்டைக்குத் தைலம் வேறு. எதிரணி அக்கா, சவுக்குத் தோப்புக்குப் போன காலத்தில் எங்கள் அத்தைக்கு மேலே நிலா இருந்தது. அது ஒரு நாளும் கையை ஆட்டச் சொல்லவில்லை!

இன்னொரு பக்கம், காங்கிரீட் வீடுதான் "உறுதி, உறுதி" என்றார்கள் எதிரணியில். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்தால் சும்மா இருக்காது, உப்பும். உப்பினால் மேலே இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளும். எங்கள் பால்கனி அடியில் மூன்றே வருஷத்தில் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. கூப்பிடு தூரத்தில் 1620இல் டேனிஷ்காரன் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்ட ஆரம்பித்த கோட்டை நிற்கிறது, 1845இல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினான், கோட்டை போகவில்லை. அதையும் பழுது பார்த்தார்கள்தான். கோட்டையைக் கோட்டையாகவே விட்டார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். (எங்கள் ஊர் மாசிலாமணிநாதர் கோயிலில் ஒரு பகுதியைக் கடல் தின்றதே என்று அடுத்து வருபவர் கேட்பார். கேட்கட்டும், கடல் நினைத்தால் எதைத்தான் விடும்.)

கடல் என்று சொல்லிவிட்டேன், இனிமேல் எனக்குச் சிரிக்க வராது.

திண்ணையை ஒட்டின சுவரில் எங்கள் அப்பாயி கரியால் கோடு போடுவார். மீன்கார அக்காவுக்கான கணக்கு. ஒரு கோடு பத்து ரூபாய். ஒண்ணாம் தேதி தாத்தாவின் பென்ஷன் வந்ததும் காசைக் கொடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைப்பார், மறுநாள் மறுபடி முதல் கோடு. 2004 டிசம்பரில் ஏழு கோடு ஆகியிருந்தது. 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அக்கா கரையில்தான் இருந்தார். அலை வந்தது. ஒண்ணாம் தேதியும் வந்தது.

அப்பாயி அந்தக் கோடுகளைத் துடைக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க வருபவரிடம், "அந்த இடத்தை விட்டுட்டு அடிப்பா" என்பார். வீடு முழுக்க வெளேரென்று இருக்கும், அங்கே மட்டும் ஒரு முழம் அழுக்காக. சின்ன வயதில் எனக்கு அது அவமானமாக இருந்தது, சிநேகிதர்கள் வந்தால் மறைத்துக்கொண்டு நிற்பேன். அப்பாயி போன பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. திண்ணையோடு சேர்த்து அந்தச் சுவரையும் இடித்தபோது அண்ணனுக்கு ஞாபகம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கான்கிரீட் போட்ட அன்று கூட நின்று நானும் பிரியாணி சாப்பிட்டேன், எனக்கும் ஞாபகம் வரவில்லை.

அத்தைக்கு வந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்ன அத்தை தேடுறீங்க?" என்றேன். பதில் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஏழு பத்து ரூபாய் நோட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்த டைல்ஸ் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

மணி அடிக்கிறீர்கள் நடுவரே. உட்கார்ந்துகொள்கிறேன்.