மூன்றாவது நாடாவுக்கு என்ன கூலி?

நேயர்களுக்கு வணக்கம்.

1998ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு தன் நாட்டின் படைப்புத் தொழில்களைக் கணக்கெடுத்தபோது, திரைப்படம், இசை, மென்பொருள் ஆகியவற்றோடு கைவினையையும் சேர்த்து 13 துறைகளைப் பட்டியலிட்டது. 2021ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை படைப்புப் பொருளாதார ஆண்டாகவே அறிவித்தது. கலைத்திறன் நாட்டுக்கு வருமானம் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வருமானம் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் என் கவலை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக் குழித்தறியருகே சில மணி நேரம் அமர்ந்திருந்தேன். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து நெய்ய, குறுக்கு இழையைச் சுமந்து தறியில் ஓடும் நாடாக்கள் மூன்று வேண்டும். மூன்றாவது நாடாவை ஓட்ட நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்தவர்கள் சிறுபிள்ளைகள். அவர்கள் பள்ளிக்கூடம் போனது பெரும் நிம்மதி. அன்று அங்கே இருந்தவர் நெசவாளரின் மனைவி. உலை கொதித்ததும் அவர் எழுந்து போனார், தறி நின்றது. திரும்பி வந்தவரிடம் கூலியைப் பற்றிக் கேட்டேன். "சேலைக்குத்தாங்க கூலி, எனக்குன்னு தனியா ஏது?" என்றார்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுபவை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால், ஊரின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் அந்தச் சட்டத்தில், நெய்தவரின் கூலியைப் பற்றி ஒரு விதியும் இல்லை. பாவு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுக்க, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி நெய்பவருக்கு, கடையில் விலை ஏறுவதால் கூடுதலாக எதுவும் வந்துவிடுவதில்லை.

கூட்டுறவுச் சங்கங்கள் இதை மாற்றத் தொடங்கலாம். கோர்வைச் சேலையின் கூலிக் கணக்கில் மூன்றாவது நாடா ஓட்டுபவருக்குத் தனி வரியும் தனித் தொகையும் எழுதப்பட வேண்டும். அந்தத் தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும்.

வணக்கம்.