விடாக்கண்டன் போனும் வீட்டு வைஃபையும்

வணக்கம் நேயர்களே.

கூடத்தில் உட்கார்ந்து வீடியோ கால் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேச்சுவாக்கில் எழுந்து மாடிப்படி ஏறுகிறீர்கள். பாதிப் படியில் குரல் கரகரக்கிறது, மேலே போனதும் படம் உறைந்து நிற்கிறது. இத்தனைக்கும் மாடியில் இன்னொரு வைஃபை பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கிறது. போன் அதைச் சீந்துவதில்லை. கீழே இருப்பதையே பிடித்துத் தொங்குகிறது.

பெட்டி விட்டுப் பெட்டி மாறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது போன்தான், பெட்டி இல்லை. கைபேசிக் கோபுரங்களில் நம்மைக் கைமாற்றிவிடுவது நெட்வொர்க். வைஃபையில் கடிவாளம் போனிடம். நாம் செய்யக்கூடியதெல்லாம் அந்த விடாக்கண்டனை நயமாக நகர்த்துவதுதான்.

அடிப்படை வேலைகளை முதலில் முடித்துவிடலாம். மாடிக்குப் பழைய ரூட்டர் ஒன்றைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அதன் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்', அதாவது முதல் ரூட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாக நீட்டித்துத் தரும் முறை, இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், தீர்ந்தது. இல்லாவிட்டால், அதை முதல் ரூட்டரோடு சேர்ப்பதற்கு முன்பே, தனியாகக் கணினியில் இணைத்து இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். முதல் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். முதல் ரூட்டர் மற்ற சாதனங்களுக்கு வழங்கும் முகவரி வரிசைக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி என்பதை அணைத்துவிடுங்கள். பிறகு முதல் ரூட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்குக் கேபிள். லேனுக்கு லேன். பலரும் இன்டர்நெட் என்று எழுதிய துளையில் செருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மாடியில் தனி நெட்வொர்க் ஒன்று உருவாகிவிடும். போன் மாடிக்குத் தாவியதும் அதன் ஐபி முகவரியே மாறும், பேசிக்கொண்டிருந்த கால் அறுந்துபோகும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இன்னும் குழப்பம். இரண்டு பேர் முகவரி வழங்குவார்கள்; ஒரு சமயம் நெட் வரும், ஒரு சமயம் வராது.

வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை (WPA2, WPA3 என்று வருவது) மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் கோட்டை விடுவார்கள். சேனல் மட்டும் வேறு வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவற்றில் ஆளுக்கொன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறோம். அங்கே போன் தானாகக் குரல் கொடுத்துத் தேடாது, பெட்டியின் அறிவிப்பு வரும்வரை காது கொடுத்துக் காத்திருக்கும். தேடல் தாமதமாகும். அதனால் 36 பக்கமாகவே இருந்துகொள்ளுங்கள்.

இனி என் செல்லச் சண்டைக்கு வருகிறேன். சிக்னல் போதவில்லையா, பவரைக் கூட்டு! எல்லோரும் செய்வது இதுதான். நான் குறையுங்கள் என்கிறேன்.

இந்த வானொலியையே பாருங்கள். நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் அங்கிருந்து என்னைத் திட்டினாலும் எனக்குக் கேட்காது. பவரைக் கூட்டிய வைஃபை பெட்டியும் இப்படித்தான். அதன் குரல் மாடிவரை எட்டும். போனின் சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. அதன் பதில் கீழே எட்டாது. போன் திரையில் கோடுகள் நிறைய, ஆனால் எதுவும் நகராது. கோடுகள் நிறைய இருப்பதால்தான் போன் வேறு பெட்டியைத் தேடுவதும் இல்லை! சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம். ஐஃபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் தேடவே தொடங்கும். கிடைத்த புதுப் பெட்டியும், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, பழையதைவிட 8 டெசிபல் மேலாக இருக்க வேண்டும். கீழ்ப் பெட்டி மாடியில் மைனஸ் 65 காட்டினால் போன் ஏன் அசையப்போகிறது?

ஆகவே குறையுங்கள். பெட்டி அனுப்பும் பவரையும் டிபிஎம்மில்தான் சொல்வார்கள்: 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். 14 டிபிஎம் என்றால் சுமார் 25 மில்லிவாட். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதியாகிறது. 2.4 அலைவரிசை சுவரைத் துளைத்து நெடுந்தூரம் போகும். அதை 5 கிகாஹெர்ட்ஸைவிட 6 டெசிபலாவது தாழ்த்தி வையுங்கள். சில பெட்டிகளில் எண் இருக்காது, உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்றுதான் இருக்கும். நடுத்தரத்தில் தொடங்குங்கள். எதுவரை குறைக்கலாம்? இரண்டு பெட்டிகளும் கைமாறும் இடத்தில், நம் கதையில் படிக்கட்டின் திருப்பத்தில், இரண்டுமே மைனஸ் 67 அளவில் கிடைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நடுவில் பள்ளம் விழுந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், பவரைக் கூட்டுவது போனைக் கட்டிப்போடுவது.

இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். பெட்டியின் அமைப்பில் 802.11k, 802.11v, 802.11r என்று வரும் கே, வி, ஆர் என்ற மூன்று வசதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்குகிறேன். கே, பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைப் போனுக்குத் தரும். வி, 'அங்கே போயேன்' என்று யோசனை சொல்லும். போன் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். இரண்டையும் போட்டு வையுங்கள். ஆர், கைமாறும்போது நடக்கும் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்கும். ஆளுக்கொரு கணக்கு வைத்து நுழையும் அலுவலகங்களில் பெரும் உதவி. ஒரே பாஸ்வேர்ட் உள்ள வீட்டில் ஆதாயம் கொஞ்சம்தான். சில பழைய பிரிண்டர்கள் இதைப் போட்டால் இணையவே மறுக்கும். மெஷ், அதாவது ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள் கொண்ட தொகுப்பு, வாங்குபவர்கள் முடிந்தால் பெட்டிகளுக்கு இடையில் கேபிள் போட்டுவிடுங்கள்.

சோதிப்பதற்கு, வைஃபை அனலைசர் போன்ற ஒரு செயலியில் பிஎஸ்எஸ்ஐடி என்ற எண்ணை, அதாவது போன் எந்தப் பெட்டியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் அடையாள எண்ணை, திறந்து வைத்துக்கொண்டு, கால் ஒன்றும் ஓட, மெதுவாகப் படியேறுங்கள். எந்தப் படியில் அந்த எண் மாறுகிறது என்று பாருங்கள். மேலே போயும் மாறவில்லை என்றால் கீழ்ப் பெட்டியில் இன்னும் 3 டெசிபல் குறைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். நன்றி, வணக்கம்.