பேர் ஒருவருடையது, பேரேடு இன்னொருவருடையது: பியேர் பெர்ஜே

[திரையில்: பழைய தாள் ஒன்று. நடுவில் பென்சில் வரைபடம், ஓரத்தில் குண்டூசி குத்திய துணித் துண்டு.]

இந்தத் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாரிஸில் இவ் சான் லோரான் நிறுவனத்தின் தையற்கூடத்தில் ஒவ்வொரு உடைக்கும் இப்படி ஒரு தாள் போட்டார்கள். உடையின் வரைபடம், துணி மாதிரி, எந்தக் கூடத் தலைவரின் பொறுப்பில் தைத்தது, எந்த மாடல் அணிந்தது என எல்லா விவரமும் இதில் இருக்கும். 1982 முதல் சில தாள்களில் 'எம்' என்ற எழுத்தும் ஏறியது. பிரெஞ்சில் 'ம்யூசே' என்றால் அருங்காட்சியகம். அந்த எழுத்து விழுந்த உடை நேரே சேமிப்பு அறைக்குப் போகும்.

அப்போது பெரிய தையலகங்களில் பருவம் முடிந்ததும் காட்சிக்குத் தைத்த உடைகளை விற்றுத் தீர்ப்பதே வழக்கம். இங்கே 1964 முதலே சிலவற்றை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு வேண்டிய பணமும் இடமும் பொறுமையும் கிடைக்கக் காரணமானவர் பியேர் பெர்ஜே. உடைகளை வடிவமைத்தது சான் லோரான், கணக்கைப் பார்த்தது பெர்ஜே.

[திரையில்: ஒலெரோன் தீவின் வரைபடம், பிறகு பாரிஸ்.]

பிறப்பு 1930 நவம்பர் 14, பிரான்சின் மேற்குக் கரையில் ஒலெரோன் தீவு. இளம் வயதிலேயே பாரிஸ் வந்து, ஓவியர் பெர்னார் பூஃபேயின் துணைவராகவும் அவருடைய விற்பனையைக் கவனிப்பவராகவும் இருந்தார். கலைஞனின் பெயரைச் சந்தையில் நிறுத்தும் வித்தையை அங்கே பழகினார். 1958இல் சான் லோரானைச் சந்தித்தார். சான் லோரான் அப்போது தியோர் என்ற ஆடை நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர், வயது 21.

1960இல் சான் லோரானுக்கு ராணுவ அழைப்பு வந்தது. சில வாரங்களிலேயே மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். தியோரில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தியோர் ஒப்பந்தத்தை மீறியதாக சான் லோரான் தரப்பில் வழக்குத் தொடுத்து நஷ்ட ஈடு வாங்கினார்கள். பெர்ஜே தன் வீட்டை விற்றார். அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த ஜே. மாக் ராபின்சன் என்ற தொழிலதிபர் முதலீடு செய்தார். 1962 ஜனவரி 29 அன்று, ஸ்பொன்டினி தெருவில் முதல் காட்சி நடந்தது.

இனி வரவு செலவுக்கு வருவோம். 'ஓத் கூத்யூர்' எனப்படும் உயர்தரத் தையலில், முதலில் வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி வெட்டி உடலில் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகுதான் உண்மையான துணியில் கத்தரி வைப்பார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அளவு, கையாலேயே வேலை. ஒரே உடை நூற்றுக்கணக்கான மணி நேரத்தை விழுங்கிவிடும். வாங்கக்கூடியவர்களோ விரல்விட்டு எண்ணும் கூட்டம். இந்தத் தையலை மட்டும் நம்பிக் கடை நடத்தினால் கை கடிக்கும்.

பெர்ஜே இரண்டு வழி கண்டார். ஒன்று, 1966 செப்டம்பர் 26 அன்று தூர்னோன் தெருவில் திறந்த 'ரீவ் கோஷ்' கடை. ஆலையில் அளவு வாரியாகத் தைத்த ஆயத்த உடைகள், சான் லோரானின் பெயரிலேயே. மற்றது உரிமம். நறுமணத் திரவியம், கழுத்துப்பட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் வேறு நிறுவனங்கள் தயாரிக்கும், பெயருக்கான பங்கு மட்டும் இங்கே வரும். முதலீடு குறைவு, வருமானம் நிச்சயம். ஆனால் பெயரைக் கண்ட பொருளிலெல்லாம் ஒட்டினால் பெயர் மலிந்துபோகும். சிகரெட் வரைக்கும் இந்தப் பெயர் போனது. அது அளவு மீறியது என்றே சொல்ல வேண்டும்.

[திரையில்: 1977, 'ஓப்பியம்' நறுமணத் திரவியப் புட்டி.]

பெரிய இடறல் 1986இல் வந்தது. ஓப்பியம் உள்ளிட்ட திரவியங்கள் சார்ல்ஸ் ஆஃப் த ரிட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தன. விற்பனையின் பெரும் லாபம் அங்கே, உரிமத் தொகை மட்டும் பாரிஸில். அதை மாற்ற அந்த நிறுவனத்தையே சுமார் 63 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கணக்கு சரிதான், கடன்தான் கழுத்தை நெரித்தது. தேவையற்ற பிரிவுகளை ரெவ்லான் என்ற அழகுப்பொருள் நிறுவனத்துக்கு விற்று, 1989இல் பங்குச் சந்தைக்கு வந்து, கடைசியில் 1993இல் நிறுவனத்தை சனோஃபி என்ற மருந்து நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். தையற்கூடம் மட்டும் 2002 வரை பெர்ஜே, சான் லோரான் இருவரின் பொறுப்பில் ஓடியது.

இந்தப் பணத்தில் பெர்ஜே செய்த கலைப் பணியிலும் அதே கணக்கு மூளைதான். 1977இல் அத்தெனே நாடக அரங்கை வாங்கினார். நாடகம் இல்லாத திங்கட்கிழமை இரவுகளில் அரங்கு சும்மா கிடக்கும். அந்த இரவுகளில் 'திங்கள் இசை' என்று பாடகர்களின் கச்சேரி வைத்தார். 1988இல் பாரிஸ் ஓப்பராவின் தலைவரானார். பாரிஸின் பாஸ்தீ பகுதியில் ஓப்பராவின் புதிய அரங்கு திறப்பதற்கு முன்பே, ஊதியமும் நிகழ்ச்சித் திட்டமும் பற்றிய சண்டையில் இசை இயக்குநர் டானியல் பாரன்பாய்மை நீக்கினார். இசையுலகம் கொதித்தது. கோபக்காரர், வளையாதவர். 1994இல் எய்ட்ஸுக்கு எதிரான 'சிதாக்ஸியோன்' அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, பின்னர் அதற்குத் தலைமையேற்று, சாகும்வரை விடாமல் நின்றவரும் இவர்தான்.

[திரையில்: மரகேஷ், நீல நிறச் சுவர்.]

மொரோக்கோவின் மரகேஷில், ஓவியர் ழாக் மஜோரெல் உருவாக்கிய தோட்டம் அவருடைய மரணத்துக்குப் பின் கேட்பாரற்றுக் கிடந்தது. அங்கே ஹோட்டல் கட்டும் திட்டமும் இருந்தது. 1980இல் பெர்ஜேயும் சான் லோரானும் அதை வாங்கினார்கள். தானியங்கி நீர்ப்பாசனம் போட்டார்கள், 135 தாவர வகைகளை 300 ஆக்கினார்கள். இன்று நுழைவுக் கட்டணமே தோட்டத்தைக் காக்கிறது. கொடையாளரை எதிர்பார்க்காத கொடை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சான் லோரான் 2008 ஜூன் 1 அன்று இறந்தார். இருவரும் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த ஓவியங்களையும் மரச்சாமான்களையும் பெர்ஜே விற்க முடிவெடுத்தார். 2009 பிப்ரவரி, உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்தில் மூன்று நாளில் 733 தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. மொத்த விற்பனை சுமார் 37.4 கோடி யூரோ. மத்தீஸின் ஓவியம் ஒன்று 3.59 கோடிக்கும், வடிவமைப்பாளர் ஐலீன் கிரேயின் டிராகன் நாற்காலி 2.19 கோடிக்கும் போயின.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. 2.5 முதல் 3 கோடி வரை மதிப்பிட்டிருந்த பிக்காசோ ஓவியம் எதிர்பார்த்த விலையை எட்டாமல் திரும்பியது. சீன அரண்மனையிலிருந்து 1860இல் கொள்ளைபோன இரண்டு வெண்கலத் தலைகளை ஏலத்தில் எடுத்த சீன வணிகர் பணம் தர மறுத்தார். 2013இல், ஏலம் நடத்திய கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் உரிமையாளரான பினோ குடும்பம் அவற்றைச் சீனாவிடம் திருப்பிக் கொடுத்தது.

விற்காமல் வைத்தவை உடைகள். சுமார் 5,000 உயர்தர உடைகள், 15,000 துணைப்பொருள்கள். துணிக்கு வெளிச்சமும் ஈரமும் எதிரி. சாயம் வெளுக்கும், பூஞ்சை பிடிக்கும். மணிகள் தைத்த கனமான உடையை மாட்டியில் தொங்கவிட்டால் சொந்த எடையாலேயே தோள்பட்டை கிழியும். அதனால் அதைப் படுக்கவைக்க வேண்டும்.

பெர்ஜே 2017 செப்டம்பர் 8 அன்று இறந்தார். அக்டோபர் 3 அன்று பாரிஸ் மார்சோ அவென்யூவில், பழைய தையலகக் கட்டடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தது. அக்டோபர் 19 அன்று மரகேஷில் இன்னொன்று. பாரிஸ் அருங்காட்சியகத்தில் சான் லோரான் வேலை செய்த அறைக்குள் போய்ப் பாருங்கள். மேசையில் பென்சில்கள் இருக்கின்றன, சுற்றிலும் துணிச் சுருள்கள்.