ரயில் இன்ஜினுக்குள்ள லோகோ பைலட் என்ன செய்யறார்?

[திரையில்: மின்சார இன்ஜினின் கேபின், உள்ளிருந்து]

வணக்கம். இந்த கேபினை நல்லாப் பாருங்க. ஸ்டியரிங் கிடையாது. வண்டி எந்த லைன்ல போகணும்னு தீர்மானிக்கறது ஸ்டேஷன் மாஸ்டர் போடற பாயிண்ட், அதாவது லைன் மாத்தி விடற அமைப்பு. ஓட்டுறவர் கையில இருக்கறது வேகமும் பிரேக்கும்தான். வேகம் கூட்டறது சுலபம். லோகோ பைலட்டோட திறமை முழுக்க பிரேக்லதான் இருக்கு.

பதவிப் பெயர்களை முதல்ல முடிச்சிடுவோம். இந்திய ரயில்வேல பழைய டிரைவர்தான் இப்ப லோகோ பைலட். பக்கத்து சீட்ல இருக்கறவர் அசிஸ்டென்ட் லோகோ பைலட், சுருக்கமா ஏ.எல்.பி. சென்னை பீச்–தாம்பரம் மாதிரி புறநகர் மின்சார ரயிலை ஓட்டுறவர் மோட்டார்மேன். அவர் தனி ஆளாத்தான் ஓட்டுவார். கடைசிப் பெட்டியில இருக்கற கார்டுக்கு 2022 ஜனவரியிலிருந்து டிரெயின் மேனேஜர்னு பேர். ஏ.எல்.பி.-யா சேர்ந்தவர் ஷண்டிங் (யார்டுக்குள்ள பெட்டிகளைக் கோர்க்கறது, பிரிக்கறது), கூட்ஸ், பாசஞ்சர் எல்லாம் ஓட்டி முடிச்சுத்தான் மெயில், எக்ஸ்பிரஸுக்கு வருவார். எக்ஸ்பிரஸுக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனா ஓட்டறதுக்குக் கஷ்டம் கூட்ஸ்தான். காரணம் போகப் போகத் தெரியும்.

[திரையில்: க்ரூ லாபி, மூச்சுப் பரிசோதனைக் கருவி]

டூட்டி தொடங்கறது இன்ஜின்ல இல்ல, ஓட்டுறவங்க வந்து கையெழுத்துப் போடற க்ரூ லாபில. மூச்சை ஊதிக் காட்டணும். குடிச்சிருந்தா அங்கேயே நிறுத்திடுவாங்க. அப்புறம் காஷன் ஆர்டர் கைக்கு வரும். எந்தக் கிலோமீட்டர்ல இருந்து எந்தக் கிலோமீட்டர் வரைக்கும் வேகத்தைக் குறைக்கணும்னு அதுல இருக்கும். குறைச்ச வேகத்தை எப்ப கூட்டறதுங்கறதுலதான் சிக்கல். இன்ஜின் அந்த இடத்தைத் தாண்டினா போதாது, கடைசிப் பெட்டியும் தாண்டணும். அதுக்காகவே லைன் ஓரத்துல 'டி/பி', 'டி/ஜி'ன்னு ரெண்டு போர்டு இருக்கும். முதலாவது பயணிகள் ரயில் நீளத்துக்கு, ரெண்டாவது கூட்ஸ் நீளத்துக்கு.

இன்ஜினைக் கோர்த்ததும் பிரேக் சோதனை. இந்தப் படத்தைக் கவனிங்க. இன்ஜின்ல இருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடற பிரேக் பைப்ல காத்தழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. காத்து நிறைஞ்சிருந்தா பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் குறைஞ்சா பிடிக்கும். அதனாலதான் ஓடும்போது கப்ளிங் அறுந்து வண்டி ரெண்டானாலும் ரெண்டு பாதியும் தானா நிக்கும். சங்கிலியை இழுத்தாலும் அந்தக் காத்துதான் வெளியேறுது.

இதுல ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஆங்கிள் காக்னு ஒரு அடைப்பு உண்டு. அதை யாராவது மூடி வச்சுட்டா, இன்ஜின்ல அழுத்தம் காட்டற கேஜ் 5 காட்டிக்கிட்டே இருக்கும், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற பெட்டிக்கு லோகோ பைலட் கை எட்டாது. முன் கேஜை மட்டும் நம்பக் கூடாதுங்கறது இதனாலதான். இவர் முன்னாடி அழுத்தத்தைக் குறைச்சா, கடைசிப் பெட்டியில கார்டு பார்க்கற கேஜ்லயும் முள் இறங்கணும். திரும்ப ஏத்தினா அங்கயும் ஏறணும். அப்பத்தான் வண்டி கிளம்பலாம்.

[திரையில்: ஏ-9 பிரேக் கைப்பிடி]

இதுதான் ஏ-9. முழு ரயிலோட பிரேக். பக்கத்துல இருக்கற எஸ்.ஏ-9 இன்ஜினுக்கு மட்டும். ஏ-9-ல முதல் நிலைக்குத் தள்ளினா அழுத்தம் 5-ல இருந்து சுமார் 4.5-க்கு இறங்கும், முழு சர்வீஸ்ல, அதாவது சாதாரணமாப் பிடிக்கற முழு பிரேக்ல, சுமார் 3.5-க்கு. எமர்ஜென்சின்னா பைப் மொத்தமும் காலி. 58 வேகன் கோர்த்த கூட்ஸ் 600 மீட்டருக்கு மேல நீளம். காத்து முன்னாடி இருந்து பின்னாடி போய்ச் சேர நேரம் ஆகும். பிரேக் விடவும் அதே கதைதான். அவசரப்பட்டு திரும்பத் திரும்பப் பிடிச்சு விட்டா, பிரேக்கைப் பிடிக்க வைக்கற, வேகனுக்கு அடியில இருக்கற காத்துத் தொட்டி நிரம்பறதுக்குள்ள அடுத்த பிரேக் தேவைப்படும். அப்ப பிடிமானம் குறைஞ்சிருக்கும். பயணிகள் பெட்டிகளுக்கு 6 கிலோ அழுத்தத்துல தொட்டியை நிரப்பற ஃபீட் பைப் தனியா இருக்கறதால தொட்டி சீக்கிரம் நிரம்பிடும். கூட்ஸ் கஷ்டம்னு சொன்னது இதைத்தான்.

சிக்னலும் இந்தக் கணக்குலதான் நட்டிருக்காங்க. முன்கூட்டியே எச்சரிக்கற டிஸ்டன்ட் சிக்னல், ஸ்டேஷனுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி இருக்கற ஹோம் சிக்னலுக்குக் குறைஞ்சது 1 கிலோமீட்டர் முன்னாடி நிக்கும். மஞ்சள்னா அடுத்த சிக்னல்ல நிக்கத் தயாரா வா. ரெட்டை மஞ்சள்னா அடுத்ததை வேகம் குறைச்சுத் தாண்டத் தயாராகு. மணிக்கு 110 கிலோமீட்டர்ல வர்றவருக்கு அந்த 1 கிலோமீட்டர் 33 நொடில தீர்ந்துடும். அதனால வேகமான வழித்தடங்கள்ல 2 கிலோமீட்டர் முன்னாடியே இன்னொரு டிஸ்டன்ட் வச்சிருக்காங்க. ஒவ்வொரு சிக்னலையும் லோகோ பைலட்டும் ஏ.எல்.பி.-யும் ஒருத்தருக்கொருத்தர் சத்தமா சொல்லணும். ஒருத்தர் கண்ணு தவறினா இன்னொருத்தர் பிடிக்கணுமில்ல?

சிகப்புன்னா எப்பவும் நின்னே கிடக்கணுமா? வண்டி நகர நகர சிக்னல் தானா மாறற ஆட்டோமேட்டிக் சிக்னல் பகுதில மட்டும் விதி வேற. பகல்ல 1 நிமிஷம், ராத்திரில 2 நிமிஷம் நின்னு, அதுக்கப்புறம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம ஊர்ந்து போகலாம். பார்வை மறைஞ்சா 10. முன்னாடி இன்னொரு வண்டி நிக்கும்னு நினைச்சுக்கிட்டே போகணும்.

மின்சார லைன்ல நியூட்ரல் செக்ஷன்னு சின்ன இடைவெளி வரும். ரெண்டு பக்கமும் வேற வேற ஃபேஸ், நடுவுல கரன்ட் இல்ல. 500 மீட்டர், 250 மீட்டர்னு எச்சரிக்கை போர்டு இருக்கும். இன்ஜினோட மெயின் பிரேக்கரை (கரன்டைத் துண்டிக்கற பெரிய சுவிட்ச்) திறந்து, உருண்டு தாண்டி, அப்புறம் மூடணும். வேகம் இல்லாம உள்ள போனா வண்டி நடுவுல மாட்டிக்கும். பிரேக்கரைத் திறக்க மறந்தா தீப்பொறி பறக்கும். மேல் கம்பியே சேதமாகலாம்.

தூங்கிட்டா? விஜிலன்ஸ் கருவி இருக்கு. சுமார் 60 நொடிக்கு எந்த லீவரும் அசையலன்னா விளக்கு மினுக்கும், அப்புறம் பஸ்ஸர், அதுக்கும் பதில் இல்லன்னா தானா பிரேக்.

தடம் புரண்டு பக்கத்து லைன் அடைபட்டா, முதல்ல ஃபிளாஷர் விளக்கைப் போடணும். அப்புறம் ஏ.எல்.பி. ஓடிப் போய் 600 மீட்டர்ல 1 டெட்டனேட்டர் (தண்டவாளத்து மேல வைக்கற சின்ன வெடி), 1,200 மீட்டர்ல 10 மீட்டர் இடைவெளி விட்டு 3 வைக்கணும். எதிர்ல வர்ற வண்டியோட சக்கரம் ஏறினா வெடிச் சத்தம் கேட்கும்.

வேலைக்குச் சேர நினைக்கறவங்களுக்கு: பத்தாவதோட ஐ.டி.ஐ., இல்லன்னா டிப்ளமோ. ரெண்டு கட்டக் கணினித் தேர்வு, அப்புறம் திறனறித் தேர்வு. அதுல ஒவ்வொரு பகுதிலயும் 42 மதிப்பெண் எடுத்தாத்தான் தேர்ச்சி. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், கூடவே ஓட்டற தூரத்துக்கு ஏத்த கிலோமீட்டர் அலவன்ஸ். பலர் விழறது ஏ-1 மருத்துவப் பரிசோதனைலதான். கண்ணாடி இல்லாம ரெண்டு கண்ணுக்கும் 6/6 வேணும், நிறம் பிரிச்சுப் பார்க்கறதுல குறை இருக்கக் கூடாது, லேசிக் செஞ்சிருந்தா தகுதியில்ல. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஒரு கண் டாக்டரைப் பார்த்துடுங்க.