ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஊசி, காமாலை குறைந்தது பெரியவர்களுக்கும்

வணக்கம் நேயர்களே. கல்லீரலைத் தாக்கிக் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தொற்றினால் பெரும்பாலும் கண்கூட மஞ்சளாகாது. பெரியவருக்குத் தொற்றினால் வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடும். பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கும், மலத்தில் வைரஸ் போய்க்கொண்டே இருக்கும். டயப்பர் மாற்றிய கையைச் சரியாகக் கழுவாமல் சோறு பிசைந்தால் போதும், வீடு முழுக்கப் பரவிவிடும். காமாலை வெளியே தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பே தொற்றத் தொடங்கிவிடுவதால், நோயாளியைத் தனியே வைப்பதில் பெரிய பலன் இல்லை.

ஆஸ்திரேலியாவில் வடக்குக் குயின்ஸ்லாந்தின் பழங்குடி ஊர்களில் நெரிசலான வீடுகளும் பழுதான கழிப்பறைகளும் இது பரவுவதற்கு வசதியாக இருந்தன. 1990களில் அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் சிலர் கல்லீரல் செயலிழந்து இறந்தும் போனார்கள். 1999-இல் அப்பகுதிப் பழங்குடிக் குழந்தைகளுக்கு ஒன்றரை வயதில் ஒரு தவணை, ஆறு மாதம் கழித்து இன்னொரு தவணை என்று தடுப்பூசி தொடங்கியது. 1996 முதல் 1999 வரை வடக்குக் குயின்ஸ்லாந்தில் பதிவான நோயாளிகள் 787 பேர். அடுத்த நான்கு ஆண்டுகளில் 66 பேர்தான். அந்த 787 பேரில் பழங்குடியினர் 237 பேர் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஊசியே கிடையாது. பிள்ளைகளிடமிருந்து பரவுவது குறைந்ததால் அவர்களிடமும் நோய் சரிந்தது. 2005-இல் வட ஆள்புலம் (நார்தர்ன் டெரிட்டரி), தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பழங்குடிக் குழந்தைகளுக்கும் இது விரிவானது.

ஊசி போடாதவர்களிடமும் நோய் இப்படிச் சரிவதை எல்லாத் தடுப்பூசியிடமும் எதிர்பார்க்க முடியாது. நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியில் தொண்ணூறுக்கும் மேல் வகைகள். ஊசி அடக்கும் வகைகள் ஒதுங்கினால், பிள்ளையின் மூக்கில் அந்த இடத்தை வேறு வகைகள் பிடித்துக்கொள்ளும். ஹெபடைடிஸ் ஏ-யில் அந்தத் தொல்லை இல்லை. ஊசிக்குத் தப்பும் மாற்று வகை கிடையாது.

தொலைதூரக் கிளினிக்கில் தடுப்பூசி கெடுவதற்கு வெயில்தான் காரணம் என்று நினைப்போம். உறைந்துபோய்க் கெடுவதும் உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குளிர்ப்பெட்டியில் வைத்தால், அதை ஒட்டியிருக்கும் மருந்து உறையும். உறைந்தது வீரியம் இழக்கும், உருக்கினாலும் திரும்பாது. பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். மருந்துக்கும் பேக்குக்கும் நடுவே தடுப்பு அட்டை, மருந்தோடு ஒரு வெப்பமானி.

குடும்பம் சாவுக்கோ சடங்குக்கோ வேறு ஊர் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டால் இரண்டாம் தவணை தள்ளிப்போகும். அதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போன ஊர்க் கிளினிக்கிலேயே தேசியத் தடுப்பூசிப் பதிவேட்டைப் பார்த்து, விட்டுப்போனதை மட்டும் போட்டால் போதும்.